டியூராமாக்ஸ் – அலிசன் கூலர் லைன் ஒழுகல்: ஒட்டுப் போடுவதா, மாற்றுவதா?

பனிவாரி | அஜாக்ஸ், ஒன்டாரியோ

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2006 செவ்ரலே சில்வராடோ 2500எச்டி, எல்பிஇசட் டியூராமாக்ஸ் டீசல் எஞ்சின், ஆறு கியர் அலிசன் 1000 கியர்பாக்ஸ். கோடையில் தோட்ட வேலைக்கு ட்ரெய்லர் இழுக்கும், குளிர்காலத்தில் முன்னால் பிளேடு பூட்டிப் பனி தள்ளும். வண்டியின் வயதையும் இங்கே தெருவில் கொட்டுகிற உப்பையும் பார்த்தால் இன்னும் ஓடுவதே பெரிய விஷயம்.

போன கிழமையிலிருந்து காலையில் வண்டிக்குக் கீழே சிவப்பாகச் சொட்டிக் கிடக்கிறது. ரேடியேட்டருக்குக் கொஞ்சம் பின்னால் தொடங்கி கியர்பாக்ஸ் சம்ப் (அடியில் இருக்கும் எண்ணெய்த் தட்டு) வரைக்கும் அடிப்பாகம் முழுக்க ஈரம். கடுங்குளிரில் ஸ்டார்ட் பண்ணினால் நன்றாகவே ஒழுகுகிறது, கொஞ்ச நேரம் ஓடிச் சூடானதும் நின்றுவிடுகிறது. டிப்ஸ்டிக்கில் அளவும் இறங்கியிருக்கிறது.

ஒரு கராஜில் காட்டினேன். எஞ்சினின் ரியர் மெயின் சீல் (பின்பக்க எண்ணெய்த் தடுப்பு வளையம்) போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று சொல்லி, தலை சுற்றுகிற மாதிரி ஒரு தொகையும் சொன்னார்கள். கூட வேலை செய்யும் பெடியன் ஒருவன், "அதெல்லாம் வேண்டாம் அண்ணை, கியர்பாக்ஸ் எண்ணெயை ஆறவைக்க ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் கூலர் லைன்தான். ரப்பரை வெட்டி வேறு ஹோஸ் மாட்டி இரண்டு கிளாம்ப் போட்டால் முடிந்தது" என்கிறான். இரண்டில் எது சரி? வீட்டுக்காரர் வேறு டிரைவ்வேயில் கறை என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிகிறார்.

டீசல் மாமா | எட்மண்டன்

தம்பி, பெடியன் பாதி சரி. கராஜ் சொன்னது எனக்குப் பொருந்தவில்லை.

ரியர் மெயின் சீல் போனால் வருவது எஞ்சின் ஆயில். டீசல் எஞ்சினில் ஆயில் மாற்றிக் கொஞ்ச தூரம் ஓடினாலே கரி ஏறிக் கறுத்துவிடும். உங்களுக்குச் சொட்டுவது சிவப்பு. சிவப்பு என்றால் ஏடிஎஃப், அதாவது கியர்பாக்ஸ் எண்ணெய். கூலன்டாக இருந்தால் ஆரஞ்சு நிறம், தொட்டால் வழவழப்புக் குறைவு, இனிப்பு மணம். ஒரு வெள்ளை அட்டையை ராத்திரி கீழே போட்டுவிட்டுக் காலையில் வெளிச்சத்தில் பாருங்கள். இந்தச் சந்தேகம் காசு செலவில்லாமல் தீர்ந்துவிடும்.

அடிப்பாகம் முழுக்க ஈரம் என்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முன்னால் ரேடியேட்டர் பக்கம் ஒழுகுகிற எண்ணெயை ஓடும்போது காற்று பின்னால் அடித்துக்கொண்டு போகும். பெல் ஹவுசிங், சம்ப், டிரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாம் நனையும். கீழே படுத்துப் பார்ப்பவனுக்குக் கியர்பாக்ஸே ஒழுகுகிற மாதிரித்தான் தெரியும். அதனால்தான் பார்க்கும்போது ஈரத்தின் முன்முனை எங்கே, மேல்முனை எங்கே என்று தேட வேண்டும். சொட்டு விழுகிற இடத்தில் தேடிப் பிரயோசனம் இல்லை.

குளிரில் ஒழுகிச் சூட்டில் நிற்பது கிரிம்ப் கசிவுக்கே உரிய குணம். கூலர் லைன் இரண்டு துண்டு: உலோகக் குழாய், நடுவில் ரப்பர் ஹோஸ். இரண்டும் சேருமிடத்தில் ஒரு உலோகக் காலரை அழுத்திப் பிடிக்க வைத்திருப்பார்கள், அதுதான் கிரிம்ப். வருடக்கணக்கில் சூடு பட்ட ரப்பர் இறுகி, அழுத்தத்துக்கு எதிர்த்து நிற்கும் தன்மையை இழந்துவிடும். குளிரில் சுருங்கினால் காலருக்கும் ரப்பருக்கும் நடுவே வழி கிடைக்கும். அதே நேரத்தில் குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால் லைனில் அழுத்தமும் கூடும். சூடானதும் ரப்பர் விரிந்து அடைத்துக்கொள்ளும். ஜிஎம், ஃபோர்டு, ராம் எதுவானாலும் கிரிம்ப் போட்ட லைன் வயதானால் இப்படித்தான்.

செய்ய வேண்டியது இதுதான். பிரேக் கிளீனர் இரண்டு டப்பா வாங்கி லைன் முழுவதையும் கழுவித் துடையுங்கள். கிரிம்ப் ஒவ்வொன்றையும் சுற்றிக் காலுக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரேயை அடியுங்கள், வெள்ளையாகப் படியும். ராத்திரி முழுக்க வெளியே குளிரில் விட்டுக் காலையில் ஸ்டார்ட் பண்ணி டார்ச் அடித்துப் பாருங்கள். எந்த இடத்தில் வெள்ளை சிவக்கிறதோ அதுதான் ஆள்.

கமின்ஸ் காதலன் | ஹூஸ்டன்

மாமா சொன்னதோடு ஒன்று: அளவு இறங்கியிருக்கிறது என்றால் முதலில் ஊற்றிவிட்டு அப்புறம் ஆராய்ச்சி செய்யுங்கள். பம்ப் காற்றை உறிஞ்ச ஆரம்பித்தால் கிளட்ச்சுகளுக்கு அழுத்தம் போகாது, நழுவும், எரியும். லைன் மாற்ற ஆகும் செலவு எங்கே, அலிசன் பிரித்துக் கட்டுகிற செலவு எங்கே.

பனிவாரி | அஜாக்ஸ், ஒன்டாரியோ

நன்றி மாமா, நன்றி காதலன். ஊற்றிவிட்டேன். பவுடர் வேலையும் பார்த்தாயிற்று. ரேடியேட்டர் பக்கம் இரண்டு லைனில் ஒன்றின் கிரிம்ப் அடியில் சிவப்பு நூல் மாதிரி இறங்கியது. இன்னொரு லைனில் சொட்டு இல்லை, ஆனால் காலர் விளிம்பில் ஈரப்பசை இருக்கிறது. ரேடியேட்டரில் லைன் மாட்டும் இடத்தில் கறுப்பு பிளாஸ்டிக் தொப்பி ஒன்று இருக்கிறது, அதற்குள் உப்பும் மண்ணும் அடைத்துத் துருவாகக் கொட்டுகிறது.

சரி, இனி பெடியன் சொன்ன மாதிரி ரப்பரை மட்டும் மாற்றினால் என்ன? உலோகக் குழாய் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

ஹோஸ்கடை | மிசிசாகா

இது நான் தினமும் செய்கிற வேலை என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெட்டிக் கிளாம்ப் போடுவதில் மூன்று பிரச்சினை. முதலாவது, காலரை அறுத்து எடுத்தால் உள்ளே இருப்பது சில லைனில் வரிவரியான பார்ப், சில லைனில் வெறும் வழவழப்பான குழாய். வெறும் குழாயில் ஹோஸைச் செருகி வார்ம் கிளாம்ப் முறுக்கினால் அன்றைக்கு நிற்கும். பனி தள்ளும்போது முன்னும் பின்னும் கியர் மாற்றி மாற்றி எண்ணெய் கொதிக்கும் நேரத்தில் கழன்று வரும். குழாய் முனையில் ஒரு மேடு, அதாவது பீடு, உருட்டியிருந்தால்தான் கிளாம்ப் எதையாவது பிடிக்கும்.

இரண்டாவது, காலரை அறுக்கும் வேலை. கிரைண்டரை வைத்து நீளவாக்கில் முக்கால் ஆழம் அறுத்துவிட்டு, மீதியை ஸ்குரூ டிரைவர் நுழைத்துத் திருகிப் பிளக்க வேண்டும். முழு ஆழமும் அறுத்தால் அடியில் இருக்கும் குழாயில் கீறல் விழும். அலுமினியக் குழாயாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அந்தக் கீறல் வழியே எந்தக் கிளாம்பும் அடைக்காத கசிவு வரும்.

மூன்றாவதுதான் ஆட்கள் அதிகம் கோட்டை விடும் இடம்: எந்த ஹோஸ். கையில் கிடைத்த ஹீட்டர் ஹோஸைப் போட்டுக்கொண்டு வந்து எங்கள் கடையில் நிற்பவர்கள் உண்டு. ஹீட்டர் ஹோஸ் இபிடிஎம் ரப்பர். தண்ணீருக்கும் கூலன்டுக்கும் அருமையானது, எண்ணெய் பட்டால் ஊறிப் பெருத்துக் கொழகொழ என்று ஆகிவிடும். கியர்பாக்ஸ் கூலர் ஹோஸ் என்றே தனியாக விற்கிறது, எஸ்ஏஇ ஜே1532 என்று மேலே அச்சடித்திருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஹைட்ராலிக் ஹோஸ் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். போடலாம். ஒற்றைக் கம்பிவலை போட்ட ஆர்1 ஹோஸே கூலர் லைன் அழுத்தத்தைப் போலப் பல மடங்கு தாங்கும். ஆனால் அழுத்தம் பார்த்து வாங்குவதில் அர்த்தம் இல்லை, வெப்பம் பாருங்கள். சாதாரண ஹைட்ராலிக் ஹோஸின் மேல் எல்லை 100 டிகிரி செல்சியஸ். ட்ரெய்லர் இழுத்து மேடு ஏறும்போது டார்க் கன்வெர்ட்டரிலிருந்து (எஞ்சின் சுழற்சியை எண்ணெய் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பகுதி) வெளியேறும் எண்ணெய் அதைத் தாண்டும். கியர்பாக்ஸிலிருந்து கூலருக்குப் போகும் லைன்தான் சூடு முழுவதையும் வாங்குவது, திரும்பி வருவது ஆறிப்போய் வரும். அதனால் உயர்வெப்ப ஹோஸ் என்று கேட்டு வாங்க வேண்டும். குளிர்ப்பக்கம் மைனஸ் 40 வரை தாங்குகிறதா என்றும் பாருங்கள், நம் ஊருக்கு அதுவும் முக்கியம்.

இன்னொரு தொல்லை வளைவு. எட்டில் ஐந்து பங்கு அங்குல ஆர்1 ஹோஸை 200 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் கீழே வளைக்கக் கூடாது. ரேடியேட்டர் பக்கம் அவ்வளவு இடம் கிடையாது. அங்கே வளைந்த ஃபிட்டிங் போட்டாக வேண்டும்.

மிச்சிகன்வாசி | டெட்ராய்ட் பக்கம்

என்னுடையது 2009 சியரா, எல்எம்எம் எஞ்சின். டீபிஎஃப் (டீசல் புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள வண்டிக்காரர்கள் இந்தக் கசிவை இன்னும் சீரியஸாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லத்தான் வந்தேன். அந்தக் கரியை எரித்துத் தீர்க்கும் ரீஜென் நடக்கும்போது எக்ஸாஸ்ட் 600 டிகிரி செல்சியஸ் பக்கம் போகும். ஏடிஎஃப்பின் ஆவி தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ள 200 டிகிரி போதும். கிரிம்பில் சொட்டுவது ஒரு நாள் பீய்ச்ச ஆரம்பித்தால், காற்று அதை எங்கே கொண்டுபோய் அடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். என் வண்டியில் நெடுஞ்சாலையில் புகை மணம் வந்ததும் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தேன், அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நாளே இரண்டு லைனும் மாற்றினேன்.

இது பூச்சாண்டி இல்லை. 2014 மார்ச் கடைசியில் ஜிஎம் சுமார் 4,90,000 புதிய பிக்கப்களையும் எஸ்யூவிகளையும் திரும்ப அழைத்தது இதே விஷயத்துக்குத்தான்: கூலர் லைன் ஃபிட்டிங்கில் முழுசாக உட்காராமல் இருந்தது, கழன்றால் தீப்பிடிக்கலாம். அவை 1500 வரிசை, டஹோ, சபர்பன் மாதிரியான பெட்ரோல் வண்டிகள். நம் அலிசன் அதில் இல்லை. ஆனால் "கிளிக் சத்தம் கேட்டதா" என்பது எவ்வளவு பெரிய கேள்வி என்று அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

பனிவாரி | அஜாக்ஸ், ஒன்டாரியோ

வாசி அண்ணா, நன்றாகவே பயமுறுத்திவிட்டீர்கள். என்னுடையதில் டீபிஎஃப் இல்லை, ஆனாலும் சூடான எக்ஸாஸ்ட் டவுன்பைப் இருக்கிறதே. சரி, ஒட்டுப் போடும் எண்ணத்தை விட்டுவிட்டேன். இனி இரண்டு வழிதான் தெரிகிறது. கடையில் கிடைக்கிற முழு லைன் செட் வாங்கி மாட்டுவது. இல்லையென்றால் ஹோஸ்கடையிடம் போய்ப் புதிதாகச் செய்து மாட்டுவது. எது?

டீசல் மாமா | எட்மண்டன்

ஒறிஜினல் மாதிரியான முழு லைன். மறு பேச்சு இல்லை. வளைவு, கிளிப், பிராக்கெட் ஓட்டை எல்லாம் அதன் இடத்தில் இருக்கும். அரை நாள் வேலை. முதல் லைன் இத்தனை வருடம் உப்பில் ஓடியிருக்கிறது, இரண்டாவது அதில் பாதி ஓடினாலே உங்கள் வண்டியின் சேஸிக்கு மேல் வாழும்.

மலிவு செட்டில் மட்டும் கவனம். சிலவற்றில் வளைவு ஒரு விரல் அளவு தப்பியிருக்கும், இழுத்துப் பிடித்துத்தான் மாட்ட வேண்டிவரும். அப்படி இழுபட்டு உட்கார்ந்த லைன் கிரிம்பை எப்போதும் ஒரு பக்கம் நெம்பிக்கொண்டே இருக்கும். வின் எண்ணை (வண்டியின் அடையாள எண்) கொடுத்து உங்கள் வண்டிக்கு உரியதையே வாங்குங்கள். ஆண்டு மாறினால் கியர்பாக்ஸ் பக்க இணைப்பும் மாறும்.

ஹோஸ்கடை | மிசிசாகா

மாமா, இதில் உங்களோடு ஒத்துப்போக முடியாது. பழைய குறை கிரிம்பில்தானே இருக்கிறது? அதே கிரிம்ப் உள்ள லைனை மறுபடி காசு கொடுத்து வாங்குவானேன்? ஏஎன் 10 என்ற திருகு ஃபிட்டிங்கும், திருப்பிப் பிரிக்கக்கூடிய ஹோஸ் முனையும் போட்டுச் செய்தால் பிறகு எந்தத் துண்டு போனாலும் அதை மட்டும் மாற்றலாம். நடு ரோட்டில் நின்றால்கூட எந்த ஹைட்ராலிக் கடையிலும் 37 டிகிரி ஜேஐசி ஃபிட்டிங் கிடைக்கும், ஏஎன்னுக்கும் அதே கோணம்தான். டீலரிடம் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டாம்.

டீசல் மாமா | எட்மண்டன்

கடைக்காரர் கடைக்காரர் மாதிரியே பேசுகிறார் 😄

தம்பி, எண்ணெய் வயலில் நான் பார்க்கிற பிக்கப்களில் பாதிக்கு மேல் யாராவது கைவைத்த கூலர் லைன். ஒறிஜினல் ஒழுகி வந்ததைவிட, கையால் செய்த லைன் எதிலாவது உரசி ஓட்டை விழுந்து வந்ததுதான் அதிகம். ஸ்டீல் வலை போட்ட ஹோஸ் அழகாக இருக்கும். சப்போர்ட் இல்லாமல் தொங்கவிட்டால் அதுவே ரம்பம். சேஸியையும் அறுக்கும், பக்கத்தில் போகிற பிரேக் லைனையும் அறுக்கும். ரப்பர் வைத்த பி கிளாம்ப் போட்டு நெருக்க நெருக்கமாகக் கட்டுகிற பொறுமை எத்தனை பேருக்கு இருக்கிறது?

ஹோஸ்கடை | மிசிசாகா

கட்டத் தெரியாதவன் செய்ததற்கு ஹோஸைக் குறை சொன்னால் எப்படி மாமா? ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: வழி போடுவதுதான் இந்த வேலையில் பாதி. ஸ்டீயரிங் ஷாஃப்ட், ஃபேன், எக்ஸாஸ்ட் மூன்றுக்கும் ஒதுங்கிப் போக வேண்டும். எஞ்சின் மவுன்டில் ஆடும், ரேடியேட்டர் பாடியோடு நிற்கும், அந்த ஆட்டத்துக்கு ஹோஸில் தளர்ச்சியும் விட வேண்டும்.

கமின்ஸ் காதலன் | ஹூஸ்டன்

முழுக்க உலோகக் குழாயாகவே போட்டுவிட்டால் ரப்பர் தொல்லையே இல்லையே? நிக்கல் காப்பர் குழாய் துருப்பிடிக்காது, கையாலேயே வளையும்.

ஹோஸ்கடை | மிசிசாகா

மேலே சொன்ன ஆட்டம்தான் பதில். இரண்டு முனையும் வேறு வேறாக ஆடும்போது விறைப்பான குழாய் ஃபிட்டிங் பக்கத்தில் களைத்து வெடிக்கும். நேராக ஓடுகிற நடுத்துண்டுக்கு நிக்கல் காப்பர் நல்ல யோசனை. முனைகளில் ரப்பர் இருந்தே ஆக வேண்டும்.

மிச்சிகன்வாசி | டெட்ராய்ட் பக்கம்

இரண்டு பெரியவர்களும் சண்டை போட்டுக்கொண்டிருக்கட்டும். பனிவாரி, கையில் நேரம் இல்லை, சீசன் நடக்கிறது என்றால் முழு லைன் வாங்கி மாட்டுங்கள். கோடையில் வேண்டுமானால் ஹோஸ்கடைக்குப் போகலாம்.

மாட்டும்போது அந்த பிளாஸ்டிக் தொப்பி இருக்கிறதே, அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். தொப்பியைக் குழாய் வழியே பின்னுக்குத் தள்ளினால் ஃபிட்டிங்கின் வெளியே ஒரு கம்பி வளையம் தெரியும். ஃபிட்டிங்கில் வெட்டிய பள்ளங்கள் வழியாக அந்த வளையம் மூன்று இடத்தில் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். குழாயில் இருக்கும் மேட்டைப் பிடித்து வைத்திருப்பது அந்த மூன்று காதுகள்தான். வளைந்த ஊசி மாதிரி பிக் ஒன்றால் ஒரு முனையைக் கிளப்பிச் சுற்றி எடுத்தால் லைன் நேராக வெளியே வரும். உப்புத் துருவில் அது உடைந்து துண்டாக வந்தால், துண்டுகளைத் தேடி எடுத்துவிடுங்கள், ஃபிட்டிங்குக்குள் விட்டுவிடக் கூடாது. தெறித்துக் கண்ணில் படும், கண்ணாடி போடாமல் அதன் அடியில் படுக்காதீர்கள்.

பழைய கிளிப்பைத் திரும்பப் போடவே கூடாது, புதியது சில டாலர்தான். புதிய கிளிப்பை முதலில் ஃபிட்டிங்கில் மாட்டுங்கள்: ஒரு முனையைப் பள்ளத்தில் கொளுவி, சுற்றிக்கொண்டே வந்து மூன்று காதும் உள்ளே விழுந்ததா என்று பார்க்க வேண்டும். அப்புறம் குழாய் முனையில் ஏடிஎஃப் தடவி நேராகத் தள்ளுங்கள். கிளிக் சத்தம் கேட்க வேண்டும். கேட்டாலும் நம்பாமல் பலமாக இழுத்துப் பாருங்கள். கடைசியில் தொப்பியை முன்னுக்குத் தள்ளினால் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். குழாயில் மஞ்சள் பட்டை ஒன்று இருக்கும், தொப்பி போட்ட பிறகும் அது கண்ணுக்குத் தெரிந்தால் லைன் முழுசாகப் போகவில்லை என்று அர்த்தம்.

டீசல் மாமா | எட்மண்டன்

நல்ல விளக்கம். ரேடியேட்டரில் இருக்கும் ஃபிட்டிங்கையே கழற்ற வேண்டிவந்தால் இரண்டு ஸ்பேனர் போடுங்கள், ஒன்று பிடிக்க, ஒன்று திருப்ப. ஒற்றை ஸ்பேனரில் வெறியோடு திருப்பினால் ரேடியேட்டர் தொட்டிக்குள் இருக்கும் கூலர் முறுக்கிக்கொள்ளும். அது விரிந்தால் கூலன்டும் ஏடிஎஃப்பும் கலந்து ஸ்ட்ராபெரி பால் மாதிரி ஆகிவிடும். அப்புறம் கியர்பாக்ஸுக்கு நீங்கள் அஞ்சலிக் கூட்டம் வைக்கலாம். கிளட்ச் தட்டில் ஒட்டியிருக்கும் லைனிங் தண்ணீர் பட்டால் உரிந்து வரும்.

நேற்று வாங்கியவன் | ஓஷாவா

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். ஸ்டாப் லீக் என்று டப்பாவில் விற்கிறதே, அதை ஊற்றினால்?

டீசல் மாமா | எட்மண்டன்

அது செய்வது ரப்பர் சீலை ஊறவைத்துப் பெருக்க வைப்பது. கிரிம்புக்குள் நசுங்கிக் கிடக்கும் செத்த ரப்பருக்கு அதனால் பலன் இல்லை. கியர்பாக்ஸுக்குள் நன்றாக இருக்கும் சீல்களையெல்லாம் அது சேர்த்து ஊறவைக்கும். வேண்டாம்.

பனிவாரி | அஜாக்ஸ், ஒன்டாரியோ

முழு லைன் செட், புதிய கிளிப், ஓரிங் எல்லாம் வந்துவிட்டது. ஞாயிறு பனி இல்லை என்கிறார்கள், அன்றைக்குச் செய்யலாம் என்றிருக்கிறேன். எண்ணெய் எது, எவ்வளவு போகும்? சம்பையும் சேர்த்து வடித்துவிடவா?

மிச்சிகன்வாசி | டெட்ராய்ட் பக்கம்

லைன் கழற்றினால் ஒன்றிரண்டு லிட்டர் கொட்டும், கீழே அகலமான தட்டு வையுங்கள். எடுத்தவுடனேயே லைனைக் கழற்றித் திறந்துவிடாதீர்கள், புதிய லைனைப் பக்கத்தில் வைத்து வளைவு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு கழற்றுங்கள். சம்பை வடித்தால் ஏழு லிட்டர் சுற்று வரும். கன்வெர்ட்டரிலும் கூலரிலும் மீதி தங்கிவிடும், அது வராது.

உங்கள் ஆண்டு வண்டிக்கு டெக்ஸ்ரான் 6. பழையவர்கள் டெக்ஸ்ரான் 3 ஓட்டினார்கள், 6 அதற்கும் பொருந்தும். கனமாக இழுப்பவர்கள் அலிசனின் டிஇஎஸ் 668 தரத்தில் (முன்பு டிஇஎஸ் 295) வரும் டிரான்சின்ட் மாதிரி சின்தெட்டிக் போடுகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறதோ அதையே தொடர்வது இப்போதைக்கு நல்லது.

டீசல் மாமா | எட்மண்டன்

சம்பை இப்போது தொட வேண்டாம், ஃபில்டரை மட்டும் மாற்றுங்கள். அலிசன் 1000-இல் ஸ்பின் ஆன் ஃபில்டர் வெளியிலேயே இருக்கிறது, எஞ்சின் ஆயில் ஃபில்டர் மாதிரியே கழற்றி மாட்டலாம். ஃபில்டரோடு வளையமான காந்தம் ஒன்று வரும். பழைய ஃபில்டரின் மூக்கில் ஒட்டிக்கொண்டு அது குப்பைக்குப் போய்விடுவது அடிக்கடி நடக்கிறது. எடுத்துத் துடைத்துப் புதியதில் வையுங்கள். துடைக்கும்போது துணியில் என்ன வருகிறது என்று பாருங்கள். சாம்பல் நிறப் பசை என்றால் சாதாரணத் தேய்மானம். விரலில் குத்துகிற சில்லு வந்தால் இங்கே வந்து எழுதுங்கள், அது வேறு கதை.

அளவு பார்க்கும் முறை: சமதரையில் நிறுத்தி, பிரேக்கை மிதித்துக்கொண்டு எல்லா கியரிலும் ஒரு முறை போட்டு எடுத்து, பார்க்கில் வைத்து, எஞ்சின் ஐடில் ஓடும்போதே பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக்கில் குளிர்ப் பட்டை, சூட்டுப் பட்டை என்று இரண்டு. குளிர்ப் பட்டை வண்டியை எடுத்து ஓட்டலாமா என்று தெரிந்துகொள்ள மட்டும். சரியான அளவு சூட்டில்தான், 71 முதல் 93 டிகிரி செல்சியஸுக்குள். ஆற வைத்துப் பார்த்துவிட்டு மேலே நிரப்பிவிடாதீர்கள். அளவு கூடினால் உள்ளே சுழல்வது எண்ணெயை அடித்து நுரையாக்கும், நுரை எண்ணெய் அழுத்தம் தாங்காது.

கமின்ஸ் காதலன் | ஹூஸ்டன்

பழைய ராம் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு அப்படியே செய்யாதீர்கள். 47ஆர்இ, 48ஆர்இ கியர்பாக்ஸில் அளவை நியூட்ரலில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். பார்க்கில் போட்டால் அதில் பம்ப் கன்வெர்ட்டரை நிரப்பாது, அளவு பொய்யாகக் காட்டும். எண்ணெயும் ஏடிஎஃப் பிளஸ் 4, டெக்ஸ்ரான் இல்லை. லைனும் எஞ்சின் பக்கவாட்டில் கூலன்ட் ஓடும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஒன்றைத் தொட்டுவிட்டுத்தான் முன்னால் போகும், கசிவு தேடும்போது அதையும் பாருங்கள்.

பனிவாரி | அஜாக்ஸ், ஒன்டாரியோ

முடிந்தது. ஜாக் ஸ்டாண்டில் ஏற்றி, பிளேடைக் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்கினேன். கிளிப் இரண்டு துண்டாகத்தான் வந்தது, இரண்டையும் எடுத்துவிட்டேன். வாசி அண்ணா சொன்ன மஞ்சள் பட்டை ஒரு லைனில் முதலில் தெரிந்தது. கிளிக் கேட்டது போலவே இருந்தது, இழுத்துப் பார்த்தபோது வரவும் இல்லை. ஆனாலும் பட்டை தெரிகிறதே என்று இன்னொரு முறை ஓங்கித் தள்ளினேன், அப்போதுதான் உண்மையான கிளிக். அந்தப் பட்டையைப் பற்றி யாரும் சொல்லாமல் இருந்திருந்தால் அப்படியே விட்டிருப்பேன்.

காந்தத்தில் சாம்பல் பசை மட்டும்தான் மாமா, சில்லு இல்லை. பழைய லைனைக் கையில் வைத்து வளைத்துப் பார்த்தேன், ஹோஸ் வெளியில் நன்றாக இருக்கிறது, காலர் விளிம்பில் நகத்தால் கீறினால் பொருக்காக உதிர்கிறது. இரண்டாவது லைனிலும் அதே. இரண்டையும் மாற்றியது நல்லதுதான்.

ட்ரெய்லர் இழுத்துச் சூடாக்கி அளவு பார்த்தேன், சூட்டுப் பட்டைக்குள் நிற்கிறது. பழைய எண்ணெயை டப்பாவில் அடைத்து டிப்போவில் கொடுத்தாயிற்று. டிரைவ்வே கறைக்குப் பூனை மண் கொட்டி ஒரு ராத்திரி விட்டுத் தேய்த்தேன், பாதி போயிருக்கிறது.

ஹோஸ்கடை | மிசிசாகா

நல்லது. அடுத்த பெரிய குளிரில் பவுடர் வேலையை ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். புதிய கிரிம்பும் கிரிம்புதான் 😏

டீசல் மாமா | எட்மண்டன்

விட மாட்டாரே மனுஷன்.

நேற்று வாங்கியவன் | ஓஷாவா

எனக்கும் 2008 சில்வராடோவில் அதே இடத்தில் ஈரம். ஆனால் சிவப்பு இல்லை, தேன் நிறமாக இருக்கிறது. இதே செட்டை வாங்கலாமா?

மிச்சிகன்வாசி | டெட்ராய்ட் பக்கம்

வாங்காதீர்கள், பொறுங்கள். தேன் நிறம் என்றால் பவர் ஸ்டீயரிங் எண்ணெயாக இருக்கலாம், அதற்கும் ரேடியேட்டர் பக்கம்தான் கூலர். எண்ணெய் பழசானால் ஏடிஎஃப்பும் நிறம் மங்கிப் பழுப்பாகும். ஸ்டீயரிங் டாங்கின் மூடியைத் திறந்து அளவு இறங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பார்த்துவிட்டுத் தனி இழை தொடங்குங்கள், படமும் போடுங்கள்.